நூல் நுழையும் இடம்

எங்கள் லேபுக்கு நோயாளிகள் வருவதில்லை, டப்பாக்கள்தான் வரும். சேலம், ஓமலூர், தர்மபுரி, நாமக்கல் என்று பல ஊர் கிளினிக்குகளிலிருந்து வாங்கி வந்ததை டெலிவரிப் பையன் காலையில் மேஜைமேல் பரப்புவான். ஒவ்வொரு டப்பாவிலும் 'புட்டி' என்ற ரப்பர் பசையில் எடுத்த பல் அளவு, மெழுகில் எடுத்த கடி, கூடவே ஒரு சீட்டு. 'பெண், 42. 35, 37 கேப், 36 பான்டிக். ஷேடு ஏ3.' பல சீட்டுகளில் பெயர்கூட இருக்காது. அந்த 42 வயதுப் பெண்ணை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் இனி அவர் அந்தப் பக்கம் மெல்லும் ஒவ்வொரு வாய்ச் சோறும் நான் செய்து அனுப்புவதன்மேல்தான் விழப்போகிறது. இந்த நினைப்பு எனக்கு இன்றுவரை பழகிப்போகவில்லை.

சீட்டில் உள்ள முதல் எண், வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்லும். இரண்டாவது எண், நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்லும். 36 என்றால் கீழ்வரிசை, இடதுபக்கம், ஆறாவது பல். அதாவது முதல் கடவாய்ப்பல். சேர்ந்த முதல் வாரத்திலேயே கவனித்தேன், பிரிட்ஜ் கேஸ்களில் 36, 46 என்ற இரண்டு எண்களே திரும்பத் திரும்ப வந்தன. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டரிடம் கேட்டேன்.

"அது ஆறு வயசுல முளைக்கிற பல்லு பாப்பா. எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பல்லுக்குப் பின்னால சத்தமில்லாம வந்துரும். இதுவும் விழுந்து முளைக்கிற பல்லுதான்னு வீட்ல விட்டுருவாங்க. சொத்தையாகி எடுத்துட்டா அதுக்கப்புறம் முளைக்க ஒண்ணும் இல்ல."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். 36 இல்லை. 46-ம் இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வருட டென்டல் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தவள் நான். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் எங்களை அந்தப் பெயரில்தான் குறிப்பிட்டது. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். உலோகம், நெருப்பு, ஊதுகுழல், வெங்காரம் எல்லாம் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். படிப்பில் நான் அதிகம் செய்தது கழற்றி மாட்டுகிற முழுசெட் பல். லேபிலோ பத்து வேலையில் ஒன்பது பிக்ஸட் பல். படித்ததை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் மூன்று மாதம் ஸ்டோன் ஊற்றுவது மட்டும்தான் வேலை. புட்டி அச்சுக்குள் டை ஸ்டோன் மாவைக் கலந்து, அதிரும் மேஜைமேல் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஓடவிட வேண்டும். நடுவில் கொட்டினால் காற்று மாட்டிக்கொள்ளும். மாடலில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி இருந்தாலும் மாஸ்டர் திருப்பித் தந்துவிடுவார். "கண்ணுக்குத் தெரியாத குமிழி, கேப்பு உக்காரும்போது பாறாங்கல்லு" என்பார். அந்த மூன்று மாதத்தில் எனக்கு வேறொரு படிப்பும் கிடைத்தது. மாடலை மேஜைமேல் வைத்துப் பார்த்தால் அந்த வாயின் கதை தெரியும். 36 போய்ப் பல வருடம் ஆகியிருந்தால் பின்னாலிருக்கும் 37 காலி இடத்துக்குள் சாய்ந்திருக்கும். மேல்வரிசைப் பல், கடிக்க எதிரே ஆள் இல்லாமல் கீழே இறங்கி வந்திருக்கும். ஒரு பல் போனால் ஒரு பல்லோடு நிற்பதில்லை என்பதை நூற்றுக்கணக்கான மாடல்களில் பார்த்திருக்கிறேன்.

பிரிட்ஜ் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. போன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பற்களை மருத்துவர் சுற்றிலும் ராவிச் சின்னதாக்குவார். கடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை போகும். அந்த இரண்டின் மேலும் கேப் வரும். நடுவில் பான்டிக் என்ற பொய்ப்பல் அந்தக் கேப்புகளோடு ஒட்டித் தொங்கும். மூன்றும் ஒரே துண்டு. எங்கள் கணக்கில் மூணு யூனிட். அந்தப் பக்கத்துப் பற்கள் பெரும்பாலும் நல்ல பற்கள். எனாமல் மறுபடி வளராது. ஒரு பல்லை ஈடுகட்ட இரண்டு நல்ல பற்களைக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். அதைத் தெரிந்துகொண்டு வேலையில் உட்கார வேண்டும் என்பதுதான் மாஸ்டர் எனக்கு முதலில் சொன்னது.

நான்காவது மாதம் மார்ஜின். ராவிய பல் எங்கே முடிந்து ராவாத பல் எங்கே தொடங்குகிறதோ, அந்தக் கோடு. கேப்பின் விளிம்பு அங்கே கச்சிதமாக முடிய வேண்டும். ஒவ்வொரு பல்லையும் மாடலிலிருந்து தனி டையாக அறுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்து, கோட்டுக்குக் கீழே சுரண்டி, சிவப்புப் பென்சிலால் அந்த ஓரத்தை வரைவோம். சிமெண்டுக்கு இடம் விட டைமேல் மெல்லிய பூச்சு பூசுவோம்; அதையும் மார்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவோம். கை ஒருமுறை வழுக்கினால் கோடு போயிற்று. எனக்கு வழுக்கியது. பயத்தில் சொல்லாமல் குத்துமதிப்பாக ஒரு கோடு போட்டு வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது: 'ஓரம் திறந்திருக்கிறது. மறுபடி அளவு எடுத்திருக்கிறேன்.' அந்த நோயாளி பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மூன்றாவது தடவையாக பஸ் ஏறி வந்திருக்கிறார். மருத்துவர் போனில் சொன்னதை மாஸ்டர் அப்படியே என்னிடம் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வழுக்கினால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

மெழுகு வேலைக்கு வந்தபோதுதான் கைக்கு உயிர் வந்தது. சூடான கருவி நுனியில் மெழுகைத் தொட்டுத் தொட்டு, கேப்பையும் நடுப் பல்லையும் கட்டுவோம். பிறகு அதற்கு மெழுகுக் கால் வைத்து, வளையத்துக்குள் நிறுத்தி, இன்வெஸ்ட்மென்ட் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உலையில் வைப்போம். தொள்ளாயிரம் டிகிரி வரை ஏறும்போது மெழுகு எரிந்து போய், அதன் வடிவத்தில் வெற்றிடம் நிற்கும். உருகிய உலோகத்தைச் சுழல்விசையால் அதற்குள் எறிவோம். நிக்கல் குரோமியம் கலந்த உலோகம். உருக ஆயிரத்து முந்நூறு டிகிரி தாண்ட வேண்டும். இறுகும்போது அது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக மாவு முன்கூட்டியே விரிந்திருக்க வேண்டும். எத்தனை சொட்டு திரவம், எத்தனை சொட்டு தண்ணீர் என்ற கணக்கில்தான் பிரிட்ஜ் உட்காருவதும் உட்காராததும் இருக்கிறது. இந்த முறையைப் பல் வேலைக்குள் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் டாகார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்; வருடம் 1907. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு செய்து, காவிரி வண்டல் மண்ணால் பொதிந்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு வெண்கலம் ஊற்றுவதும் இதே வழிதான். கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சுவாமிமலையில் ஒரு பட்டறை வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். மெழுகைத் தொட்ட பெரியவரின் விரலும் என் மாஸ்டரின் விரலும் ஒரே மாதிரி நகர்ந்தன.

அப்பாவிடம் கற்றது எனக்கு உதவிய நாள் ஒன்று உண்டு. நான்கு யூனிட் பிரிட்ஜ் ஒன்று மெட்டல் ட்ரையலுக்குப் போய், வாயில் ஆடுகிறது என்று வந்தது. மருத்துவர் அதை நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் வாயிலேயே சரியாக உட்காரவைத்து, பிசினால் இணைத்து அனுப்பியிருந்தார். அதைப் பற்றவைக்க வேண்டும். இந்த உலோகம் சூட்டில் சட்டென்று கறுத்து ஆக்சைடு பூசிக்கொள்ளும்; சால்டர் ஓடாமல் உருண்டு நிற்கும். மாஸ்டரே இரண்டு தடவை யோசிக்கிற வேலை. நான் செய்யட்டுமா என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

பட்டறையில் அப்பா சொல்வது நினைவிருந்தது: "நெருப்பைப் பொடி மேல காட்டாத கண்ணு. வெள்ளி மேல காட்டு. சூடு எங்க இருக்கோ பொடி அங்கதான் ஓடும்." இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி. ஃபிளக்ஸ் வைத்து, துண்டுகளைச் சமமாகச் சிவக்கவிட்டு, இணைப்பின் மறுபக்கம் சுடரை நிறுத்தினேன். சால்டர் ஒரு நொடி தயங்கி, பிறகு பளிச்சென்று இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது. ஆறவைத்து மாடலில் வைத்தோம். ஆடவில்லை. அன்று சாயங்காலம் மாஸ்டர் அப்பாவுக்குப் போன் செய்து பேசினார். என்ன பேசினார் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து டிபன் கட்டி வைத்திருந்தார்.

எல்லாக் கேஸையும் மாஸ்டர் எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை தொடர்ச்சியாக மூன்று பற்கள் போன இடத்துக்கு, முன்னால் ஒரே ஒரு சிறிய பல்லை நம்பி ஒரு பிரிட்ஜ் கேட்டு வந்தது. வாய்க்கால்மேல் போட்ட பனங்கட்டையைச் சொல்லி எனக்கு விளக்கினார். வாய்க்கால் இரண்டு மடங்கு அகலமானால் கட்டை இரண்டு மடங்கு வளைவதில்லை. எட்டு மடங்கு வளைகிறது. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. உலோகம் கொஞ்சம் வளைந்து தாங்கிக்கொள்ளும். அதன்மேல் இருக்கும் பீங்கான் வளையத் தெரியாமல் விரிசல் விடும். தாங்குகிற பற்களின் வேர்ப்பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று ஆன்ட்டே என்ற மருத்துவர் 1926-இல் சொன்ன விதி ஒன்றும் உண்டு. இன்று அதை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்வதில்லை என்றாலும் சந்தேகம் வரும்போது நிதானிக்க வைக்கும் விதி. மாஸ்டர் மருத்துவரிடம் பணிவாகப் பேசி அந்தக் கேஸைத் திருப்பி அனுப்பினார். நாலு யூனிட்டுக்கு மேல் வருமானம் போயிற்று. எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய நாள் அது.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் செராமிக் மேஜை கிடைத்தது. உலோகத்தின் கறுப்பு தெரியாமல் முதலில் ஒப்பேக், அதன்மேல் பல்லின் உள்நிறம், மேலே எனாமல். பீங்கான் பொடியை நீரில் குழைத்து, பிரஷ்ஷால் எடுத்து வைத்து, தட்டி ஈரத்தை உறிஞ்ச வேண்டும். சுடும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்குவதால் பல்லைப் பெரிதாகவே கட்ட வேண்டும். முதல் நாட்களில் நான் கட்டிய பற்கள் உலையிலிருந்து பால்பல் மாதிரி வெளியே வந்தன.

நிறத்துக்குப் பதினாறு மாதிரிப் பற்கள் கொண்ட ஷேடு கைடு இருக்கிறது. ஏ வரிசை சிவப்பு கலந்த பழுப்பு, பி சிவப்பு கலந்த மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். இயற்கை வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே, பல்லை ராவுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வாயைத் திறந்து வைத்துக் காய்ந்துவிட்டால் பல் வெளுத்துக் காட்டும். ஆனால் எங்கள் வட்டார மக்களின் பற்களில் பல, அந்தப் பதினாறில் எதிலும் அடங்காதவை.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒருவர், நாற்பது வயதிருக்கும், நிறம் பார்ப்பதற்காக மருத்துவர் சொல்லி நேரடியாக லேபுக்கே வந்தார். விபத்தில் மேல் முன்பல் ஒன்று போயிருந்தது. மற்ற பற்கள் எல்லாவற்றிலும் குறுக்கே பழுப்புக் கோடுகள், நடுநடுவே சுண்ணாம்புத் திட்டுகள். அந்த மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் அந்தத் தழும்பு நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. இவர் அதற்கு வெகுகாலம் முன்பே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்.

வெள்ளையாகப் பளிச்சென்று கேட்பார் என்று நினைத்துக்கொண்டு, "என்ன கலர் வேணும்ங்க?" என்றேன்.

"மத்த பல்லு எப்படி இருக்கோ அப்படியே வெச்சிருங்கம்மா. வெள்ளையா இருந்தா பொய்ப்பல்லுன்னு எடுத்துக்காட்டும். எங்க ஊர்ல எல்லாருக்கும் இந்தக் கோடு உண்டு. எனக்கு மட்டும் எதுக்கு இல்லாம?"

ஜன்னலோரம் உட்காரவைத்து அவர் பற்களை ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்துகொண்டேன். எந்தக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மங்குகிறது என்று. காவி, காபிக்கொட்டை நிறம், வெள்ளை மூன்றையும் மயிரிழைப் பிரஷ்ஷில் எடுத்துத் தீற்றி, சுட்டு, மறுபடி தீற்றி, நான்கு முறை உலையில் வைத்தேன். அவ்வளவு தடவை சுடக் கூடாது என்று மாஸ்டர் எச்சரித்தார். பீங்கானின் உயிரோட்டம் போய்விடும். ஆனால் நான்காவது முறை சரியாக வந்தது. மாட்டிவிட்டு மருத்துவர் அனுப்பிய படத்தில் எது நான் செய்த பல் என்று லேபில் மூன்று பேர் தவறாகச் சொன்னார்கள். நான் செய்ததில் எனக்கு இன்றும் பிடித்தது அந்தப் பல்தான்.

கண்ணில் படும் பக்கத்தில் இப்படிக் கைதேர்ந்தபோதுதான் நான் ஒரு பெரிய தவறு செய்துகொண்டிருந்தேன். பான்டிக்கின் அடிப்பக்கம். ஈறிலிருந்து பல் முளைத்து வந்ததுபோல் இருக்க வேண்டும் என்று, கடவாயில் தொங்கும் பல்லுக்கும் அடியை ஈறின் மேட்டைக் கவ்வும் குதிரைச் சேணம் போலக் குழித்துச் செய்தேன். மாடலில் பார்க்க அவ்வளவு அழகு. மாஸ்டர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து தைக்கிற நூல் ஒன்றை எடுத்து, "இதை அடியில விட்டு இந்தப் பக்கம் எடு" என்றார். நூல் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போயிற்று. நடுக்குழியைத் தொடவே இல்லை.

பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்து ஒரு பழைய பிரிட்ஜை எடுத்துக் காட்டினார். கிளினிக்கில் கழற்றியபோது கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அடியில் இதே குழி. சோறு, கறித்துணுக்கு, வெற்றிலைப்பாக்கு எல்லாம் வருடக்கணக்கில் அங்கே தங்கி, ஈறு வெந்து, தாங்கி நின்ற இரண்டு பற்களில் ஒன்று கேப்புக்குள்ளேயே சொத்தையாகிக் கரைந்துவிட்டதாம். "ஒரு பல்லுக்காக வந்த அம்மா, ரெண்டு பல்லு இல்லாம போனாங்க. நான் செஞ்சதுதான். உன் வயசுல செஞ்சது" என்றார்.

என் பான்டிக்கின் அடியை நானே ராவினேன். கன்னத்துப் பக்கம் மட்டும் ஈறை லேசாகத் தொட்டு, உள்பக்கம் விலகி, அடி முழுக்கக் கோழிமுட்டை போலக் குவிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். யார் கண்ணிலும் படாத கீழ்க் கடவாயில், ஈறைத் தொடாமலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி வைப்பதும் உண்டு. அதற்குச் சுத்தப் பான்டிக் என்றே பெயர். அன்றிலிருந்து ஒவ்வொரு பிரிட்ஜையும் அனுப்புவதற்கு முன் அடியில் நூல் விட்டுப் பார்க்கிறேன். நூல் வழி முழுக்கத் தொட்டுக்கொண்டு சுலபமாக வெளியே வந்தால் மட்டும் டப்பா மூடும்.

இப்போது எங்கள் லேபிலும் கணினி வந்துவிட்டது. திரையில் பல்லை வடிவமைத்தால், சுண்ணாம்புக்கட்டி போன்ற சிர்க்கோனியாவை இயந்திரம் கால்பங்கு பெரிதாகக் குடைந்து கொடுக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு டிகிரியில் சுட்டதும் சரியான அளவுக்குச் சுருங்குகிறது. நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு இது பெரிய வரம். இன்வெஸ்ட்மென்ட் மாவில் இருக்கும் சிலிக்கா தூசியை மூச்சில் இழுக்கிற வேலை எங்களுக்கும் குறைந்தது. நான் கொஞ்சநாள் இருந்த வேறொரு லேபில் உறிஞ்சி இயந்திரமே கிடையாது, கைக்குட்டைதான் முகமூடி. இம்பிளான்ட் வைத்துக்கொள்ள வசதியும் எலும்பும் இருப்பவர்களுக்குப் பக்கத்துப் பற்களைத் தொடவே வேண்டியதில்லை. அதுவே மேல் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மார்ஜின் கோட்டைத் திரையில் குறிப்பதும் மனிதக் கண்தான். பான்டிக்கின் அடியைக் குழியாக்கச் சொன்னால் இயந்திரம் மறுக்காமல் குழியாக்கிக் கொடுத்துவிடும்.

போன வருடம் அம்மாவுக்கு 36-ஐ நானே செய்தேன். 46 பக்கத்தில் சாய்ந்த பல் ரொம்பவும் சாய்ந்துவிட்டதால் அங்கே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா இப்போது இடதுபக்கம் முறுக்கு கடிக்கிறார்.

உங்கள் வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால், இன்றைக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ்வரிசையின் கடைசிப் பல்லைப் பாருங்கள். அது நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல் என்றால், விழுந்து முளைக்கிற பல் அல்ல. குழியில் கறுப்பு தெரிந்தால் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே பிரிட்ஜ் கட்டியிருப்பவர்கள், முனை விறைப்பாக இருக்கும் ஃபிளாஸ் நூலையோ இடுக்குப் பிரஷ்ஷையோ வாங்கி, இரவு படுக்கும் முன் நடுப்பல்லின் அடியில் விட்டு எடுங்கள். நூல் நுழையவில்லை என்றால், நாற்றம் வந்தால், கட்டிக்கொடுத்த மருத்துவரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள். தயங்க வேண்டாம். சரிசெய்து தர வேண்டியது எங்கள் வேலை.